சக்ராதா மலையில் ராஜ்மா அறுவடை

நவராத்திரி வந்துவிட்டால் டேராடூனிலுள்ள நம் தமிழ்க் குடும்பங்களில் ஒன்பது நாளும் ஒன்பது சுண்டல் என்பது தவறாத வழக்கம். கடலை, மொச்சை, காராமணி, பாசிப்பயறு, பட்டாணி என்று ஐந்தாறு நாள் கழிந்தபின் ராஜ்மாவின் முறை வரும். அன்றைக்குத்தான் வீட்டுக்கு வீடு பேச்சு வேறுபடும். ஒரு வீட்டில் சுண்டல் வெண்ணெய்போல் குழைந்திருக்கும். அடுத்த வீட்டில் எட்டு விசில் வைத்தும் பல்லுக்கு அடங்காத கூழாங்கல்லாக நிற்கும். கடைக்காரனைக் குறை கூறுவதும், குக்கரைக் குறை கூறுவதும், இந்த ஊர்த் தண்ணீரைக் குறை கூறுவதும் ஆண்டுதோறும் நடப்பவை. தண்ணீரைச் சொல்வதில் ஓரளவு நியாயமுண்டு. இங்குள்ள நீர் சுண்ணாம்புக் கல்மலைகளிலிருந்து வருவது. உப்புக் கடினம் மிகுந்த நீரில் பயறு விரைவில் வேகாது. ஆனால் அதே தண்ணீரில் வெந்த சுண்டலும் இருக்கிறதே! ஆகவே காரணத்தின் பெரும்பகுதி பயற்றிலேயே இருத்தல் வேண்டும்.

இரயில் நிலையத்தில் என்னோடு பணியாற்றும் பாயிண்ட்ஸ்மேன் நண்பர் ஒருவர் சக்ராதாவுக்கு அப்பாலுள்ள ஜௌன்சார் கிராமத்தவர். ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசியில் அவர் கொண்டுவரும் ராஜ்மா, ஓர் இரவு ஊறினால் மறுநாள் அரைமணியில் வெந்துவிடும். சென்ற புரட்டாசிக் கடைசியில் அவர் அறுவடைக்காக ஒரு வாரம் விடுப்பெடுத்துப் புறப்பட்டபோது, "நீங்களும் வாருங்கள், பாபுஜி. பயறு எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பாருங்கள்" என்று அழைத்தார். என் வார ஓய்வோடு நான்கு நாள் விடுப்பைச் சேர்த்துக்கொண்டு நானும் கிளம்பினேன்.

இருப்புப்பாதை 1900-ஆம் ஆண்டு டேராடூனுக்கு வந்தது. வந்தது வந்தபடியே இங்கேயே நின்றுவிட்டது. அதற்குமேல் மலைக்குச் செல்வதெல்லாம் சாலை வழியேதான். விகாஸ்நகர் வரையில் பேருந்து. அங்கிருந்து "யூட்டிலிட்டி" என்று அவ்வூரார் வழங்கும் வண்டி. முன்னால் ஆட்களும் பின்னால் மூட்டைகளும், மூட்டைகளின் மேல் மறுபடி ஆட்களும் ஏறும் சிறு லாரி அது. ஜௌன்சார் பகுதியில் கல்யாணம், கருமாதி, தக்காளி, இஞ்சி யாவும் அதில்தான் பிரயாணம் செய்கின்றன.

வழியில் ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் கால்சி. அசோகனுடைய பெரும்பாறைக் கல்வெட்டு அங்கே யமுனைக்கரையில் ஒரு சிறு மண்டபத்தினுள் காக்கப்பட்டிருக்கிறது. 1860-ஆம் ஆண்டு ஃபாரஸ்ட் என்னும் ஆங்கிலேயர் பாசி படிந்து கிடந்த அப்பாறையைக் கண்டறிந்தார். நம் அன்பர்கள் இவ்வழியே செல்லும்போது அரைமணி ஒதுக்கி அதைப் பார்த்தல் வேண்டும். ஏனெனில் சோழர், பாண்டியர் என்னும் நம் நாட்டுப் பெயர்கள் இமயத்தின் அடிவாரத்துப் பாறையில் இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக எழுத்தாய் நிற்கின்றன. அவ்விடத்துச் செய்தியும் நினைக்கத்தக்கது: மருந்து மூலிகைகளும் வேர்களும் கனிகளும் எங்கெங்கே இல்லையோ அங்கெல்லாம் கொண்டுசென்று நடச்செய்தோம் என்கிறான் மன்னன். செடி கொடிகளும் நம்மைப் போலவே ஊர்விட்டு ஊர் போய்க் குடியேறியவை என்ற எண்ணம் எனக்கு அங்கேதான் தோன்றியது.

ராஜ்மாவே அவ்வாறு குடிவந்ததுதான். பஞ்சாபிகளும் காஷ்மீரிகளும் இதைத் தம் பாட்டன் சொத்தாகக் கருதினாலும், இதன் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ நாட்டிலும் ஆண்டிஸ் மலைகளிலும் பல்லாயிரம் ஆண்டுகள் பயிரான இது, பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கைக்கு வந்து, பின்னர் நம் நாட்டை அடைந்தது. நாம் ஊரில் பொரியல் செய்யும் பீன்ஸும் இதே செடிதான். பிஞ்சில் பறித்தால் பீன்ஸ், முற்றி உலர்ந்தால் ராஜ்மா. அதிக வெயிலைத் தாங்காது, பூ உதிர்ந்துவிடும், உறைபனியையும் தாங்காது. ஆகையால் இமயத்தின் நடுத்தர உயரங்கள் இதற்குத் தாய்வீடுபோல் ஆகிவிட்டன.

சாஹியா என்னும் சந்தை ஊரைக் கடந்து சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. முற்காலத்தில் இச்சாலையில் குறித்த நேரங்களில் கதவு திறந்து, ஒரு சமயத்தில் ஒரு திசையில் மட்டுமே வண்டிகளை விடுவார்களாம். ஒற்றைப் பாதையில் டோக்கன் கொடுத்து வண்டியை அனுப்பும் நம் இலாகா வழக்கத்தை எண்ணி நண்பரும் நானும் சிரித்தோம். சக்ராதா ஏழாயிரம் அடி உயரத்திலுள்ள படைவீட்டு நகரம். அதைத் தாண்டி இரண்டு மணிநேரம், கடைசியில் நடை.

ஜௌன்சாரி வீடுகளைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். கல்லும் தேவதாரு மரமும் மாறி மாறி அடுக்கிய சுவர், கற்பலகைக் கூரை, கீழ்த்தளத்தில் மாடுகள், மேல்தளத்தில் மனிதர்கள், அடுப்பும் மேலேயே. கூரை இறவாரத்தில் மக்காச்சோளக் கதிர்கள் தோரணம்போல் தொங்கின. நண்பருடைய தாயாருக்கு எழுபதுக்கு மேல் வயது. என்னைக் கண்டதும், "மதராசி பாபுவா? வா மகனே. வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாயா?" என்றார். அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

மறுநாள் காலையில் வயலுக்குப் போனோம். வயல் என்றால் நம் தஞ்சை வயலைக் கருதலாகாது. மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய பட்டைகள். சில பட்டைகளில் ஓர் ஏர் திரும்பவும் இடமில்லை. வைகாசி கடைசியில் மக்காச்சோளத்தோடு ராஜ்மாவை ஊன்றுகிறார்கள். சோளத்தட்டையே கொழுகொம்பு, கொடி அதைச் சுற்றி ஏறிக்கொள்கிறது. ஓரங்களில் செங்கதிர் விட்ட கீரைத்தானியம், அதன் பெயர் சௌலாய். சோளக்கதிரை முன்னமே ஒடித்துவிட்டு, தட்டையை மட்டும் கொடிக்காக நிறுத்தியிருந்தார்கள். இலைகள் பெரும்பாலும் உதிர்ந்து, வைக்கோல் நிறக் காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. தாயார் ஒரு காயைக் காதருகே வைத்துக் குலுக்கிக் காட்டினார். உள்ளே விதை கலகலவென்று ஒலித்தால் பறிக்கலாம். தோல்போல் துவளும் காய் இன்னும் சில நாள் நிற்கவேண்டும். பசுங்காயை உலர்த்தினால் விதை சுருங்கிப் போகும்.

பறிக்கும் வேளையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நன்கு காய்ந்த நெற்று உச்சிவெயிலில் கை பட்டவுடன் முறுக்கிக்கொண்டு வெடித்து, விதையைச் சரிவில் சிதறிவிடும். அதனால் அதிகாலையில், பனிப்பதம் நெற்றின்மேல் இருக்கும்போதே பறிப்பது வழக்கம். கொடி முழுவதும் ஒரே நாளில் முற்றுவதில்லை. அடிக்காய்கள் முதலில், நுனிக்காய்கள் கடைசியில். எனவே மூன்று நான்கு முறை வந்து பறிக்க வேண்டும். கடைசிப் பறிப்பில்தான் கொடியை வேரோடு அறுத்துச் சோளத்தட்டையுடன் சேர்த்து வீட்டுக்குச் சுமந்து வருகிறார்கள்.

நாங்கள் சென்றபோது முதற்பறிப்பு முடிந்திருந்தது. முக்கால் பங்கு வயலிலேயே நின்றது. பகல் பதினொரு மணிக்கு மேற்கே பந்தர்பூஞ்சைப் போன்ற வெண்மையோடு மேகம் திரண்டது. சிறிது நேரத்தில் அது கறுத்தது. முற்றிய நெற்றுக்கு மழையைப் போன்ற பகை வேறில்லை. ஈரம் ஏறிய நெற்றில் பூசணம் படரும். இரண்டு நாள் தொடர்ந்து நனைந்தால் விதை காய்க்குள்ளேயே முளைவிடும். உலர்ந்தாலும் தோல் சுருங்கிக் கறைபட்டு, சந்தையில் ஒருவரும் தொடார்.

நண்பருக்கும் தாயாருக்கும் அப்போது வாக்குவாதம் நேர்ந்தது. சாலையருகிலுள்ள கீழ்ப்பட்டைகளில் ஒரே சிவப்பு நிற ராஜ்மா. வியாபாரி கேட்பது அதைத்தான். அதை முதலில் காப்பாற்ற வேண்டும் என்றார் நண்பர். தம்பியின் மகளுக்கு விகாஸ்நகர்க் கல்லூரியில் கட்டவேண்டிய பணம் அதில் இருந்தது. தாயாரோ மேலே, வீட்டை ஒட்டிய இரண்டு சிறு பட்டைகளைக் காட்டினார். அங்கேதான் அவருடைய விதைக்கொடிகள். வெள்ளை, கறுப்பு, புள்ளியிட்டது, பாதி சிவப்பும் பாதி வெள்ளையுமானது என்று ஏழெட்டு வகை கலந்து நின்றது. மாமியார் தந்தவை என்றார். அந்த மாமியாருக்கு அவர் மாமியார் தந்தவை. விற்றால் அதற்கு மட்டமான விலைதான்.

"சிவப்பு போனால் ஒரு வருஷத்துப் பணம் போகும். அதைக் கடன் வாங்கிச் சரிக்கட்டலாம். இது போனால் எந்தக் கடையில் போய்க் கேட்பாய்?" என்றார் தாயார்.

நண்பர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்பு கீழ்ப்பட்டைக்குத் தம்பியையும் தம்பி மனைவியையும் அனுப்பிவிட்டு, தாமும் நானும் மேல்பட்டைக்கு ஏறினோம். பார்சல் மூட்டை எண்ணிப் பழகிய என் கைகளுக்கு அந்த வேலை புதிது. இரண்டு மணிநேரத்தில் விதைக்கொடிகள் யாவும் மேல்தளத்துக்கு வந்து சேர்ந்தன. அதன்பின் எல்லோரும் கீழே ஓடினோம். பாதிக்குமேல் பறித்திருப்போம்; மழை பிடித்துக்கொண்டது. மற்றவை நனைந்தே நின்றன.

அன்றிரவு அந்த வீட்டில் ஒருவரும் உறங்கவில்லை. ஈரம்பட்ட நெற்றைக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறிக் கெட்டுவிடும். அடுப்பைச் சுற்றிலும், ஏணிப்படியிலும், கயிற்றுக்கட்டிலின்மேலும் ஒரு விரல் கனத்துக்கு மேற்படாமல் பரப்பி, மணிக்கொரு முறை புரட்டிக்கொண்டே இருந்தார்கள். விதைக்கொடிகளைக் கட்டுக்கட்டாக அடுப்புக்கு மேலுள்ள உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டார் தாயார். புகை பட்டால் பூச்சி அணுகாது. ஆனால் தீயின் சூடு நேரே படலாகாது, முளைப்புத்திறன் போய்விடும் என்று எனக்கு விளக்கினார். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட நான், அந்த ஓர் இரவில் கேட்ட தாவர சாஸ்திரம் பள்ளியில் கேட்டதைவிட அதிகம்.

மூன்றாம் நாள் வெயில் வந்தது. முற்றத்துக் கற்பலகைகளின்மேல் நெற்றைப் பரப்பினார்கள். நன்றாகக் காய்ந்தபின் வளைந்த கோலால் அடிக்கிறார்கள். மாடு கட்டி மிதிப்பதில்லை, விதை பிளந்துபோகும். பிறகு சுளகில் புடைத்து, காற்றில் தூற்றி, பொக்கும் சொத்தையும் பொறுக்குகிறார்கள். இந்தப் பொறுக்கும் வேலையில் நம் பாட்டிமார் அரிசியில் கல் பொறுக்கும் அதே விரல் ஓட்டத்தைக் கண்டேன்.

அடித்தெடுத்த பயற்றை உடனே மூட்டை கட்டுவதில்லை. மேலும் சில நாள் காற்றாட நிழலில் கிடக்கவேண்டும். கடும் வெயிலில் விரைவாகக் காய்ந்தால் மேல்தோல் வெடித்துவிடும். காய்ந்தது போதுமா என்று அறிய, தாயார் ஒரு விதையைப் பல்லிடையில் வைத்துக் கடித்தார். பல் பதிந்தால் ஈரம் இருக்கிறது. கல்மேல் வைத்துத் தட்டினால் நசுங்காமல் சில்லுச்சில்லாகத் தெறிக்க வேண்டும். பல் இல்லாதவர்களுக்கு மற்றொரு வழியும் உண்டு: வறுத்து ஆறவைத்த உப்பை ஒரு கண்ணாடிப் புட்டியில் பயற்றோடு இட்டுக் குலுக்கிக் கால்மணி வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் மறுபடி காயவைக்க வேண்டும். நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்கு மேல் ஈரம் இராதிருந்தால் பயறு நெடுநாள் நிற்கும்.

வீட்டுக்குச் சற்றுத் தள்ளி, தேவதாருப் பலகையாலேயே கட்டிய சிறு களஞ்சியம் ஒன்று தனியே நிற்கிறது. அதைக் கோட்டார் என்கிறார்கள். தானியச் சாலையை நம் பழந்தமிழில் கொட்டாரம் என்பது நினைவுக்கு வரவே, சொல்லளவில் ஊருக்கு வந்து சேர்ந்ததுபோல் இருந்தது. தரையிலிருந்து உயர்த்திய மேடை. எலி ஏற முடியாத அமைப்பு. உள்ளே அறை அறையாகத் தடுப்பு. வீட்டில் தீப்பிடித்தாலும் தானியம் பிழைக்கட்டும் என்றே தனியே கட்டுகிறார்களாம். உண்பதற்கான ராஜ்மா அங்கே போகிறது. இடையிடையே உலர்ந்த அக்ரோட் இலைகள். விதைக்கானது மட்டும் வீட்டுக்குள்ளேயே, சாம்பல் கலந்து, காய்ந்த சுரைக்குடுக்கைகளில். குடுக்கையின் வாயைச் சாணமும் மண்ணும் பிசைந்து அடைக்கிறார்கள்.

நம் பக்கத்தில் துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைப்பதும், குதிரிலும் அடுக்குப்பானையிலும் வேப்பிலையும் வசம்பும் இட்டு வைப்பதும் இதே காரியத்துக்குத்தான். காற்றையும் ஈரத்தையும் பூச்சியையும் தடுக்க அவரவர் மண்ணில் கிடைத்ததை அவரவர் பயன்படுத்தினர்.

பூச்சியைப் பற்றி ஒரு வியப்பு. காராமணியையும் பாசிப்பயற்றையும் துளையிட்டு மாவாக்கும் வண்டை நம் இல்லத்தரசிகள் நன்கு அறிவர். அந்த வண்டு ராஜ்மாவின்மேல் முட்டையிட்டாலும் அதன் புழு உள்ளே வளர்வதில்லை. மாப்பொருளைச் செரிக்கவிடாமல் தடுக்கும் ஒரு புரதம் இவ்விதையில் இருப்பதே காரணம் என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். ஆனால் ராஜ்மாவையே தின்று வாழும் வேறு வண்டுகளும் உண்டு. ஆதலால் அசட்டையாக இருக்கலாகாது. நன்கு உலர்ந்த பயற்றைக் காற்றுப்புகாத டப்பாவில் இட்டு, குளிர்ப்பெட்டியின் உறைநிலைத் தட்டில் ஒரு வாரம் வைத்து, வெளியே எடுத்ததும் திறக்காமல் ஆறவிட்டால் முட்டையும் புழுவும் அழியும்.

இனி, வேகாத பயற்றின் இரகசியம். வெப்பமும் ஈரக்காற்றும் உள்ள இடத்தில் பல மாதம் கிடந்த ராஜ்மாவின் உட்சுவர்கள் இறுகிவிடுகின்றன. பிறகு எத்தனை விசில் வைத்தாலும் இளகாது. கோட்டாரின் குளிரில் கிடந்தது இளகுகிறது; சமவெளிக் கிடங்கில் இரண்டு கோடையைக் கண்டது இளகுவதில்லை. ஆகையால் கல்கத்தாவிலும் பம்பாயிலும் உள்ள நம் அன்பர்கள் ஆண்டுத் தேவையை ஒருசேர வாங்காமல், கார்த்திகை மார்கழியில் புதுப்பயறு வந்தவுடன் சில மாதத்துக்கு மட்டும் வாங்கி, அடுப்புக்கு அருகில் அல்லாத குளிர்ந்த இடத்தில் வைப்பது நன்று. ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் கொதிக்கவிட வேண்டும். இது சுவைக்காக மட்டும் அன்று. அரைவேக்காட்டு ராஜ்மாவில் நஞ்சுண்டு. சில விதைகளே கடும் வாந்தியை உண்டாக்கும். கொப்பளிக்கும் கொதிநிலையில் அரைமணி நேரமாவது வெந்தபின்னரே உண்ணலாம். குழந்தைகள் ஊறிய பயற்றை வாயிலிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குவார்ட்டர்ஸ் கொல்லையில் இரண்டு பாத்தி உள்ளவர்கள் இங்கேயே பயிரிடலாம். டேராடூன் சமவெளியில் மாசியில் ஊன்றினால், மழை பிடிக்குமுன் வைகாசியில் நெற்று கைக்கு வரும். குத்துச்செடி வகையே இதற்கு ஏற்றது.

விதைகளைப் பற்றி இன்னும் ஒன்று. கடைகளில் இன்று முன்சியாரி ராஜ்மா, பதர்வா ராஜ்மா என்று ஊர்ப்பெயர் சொல்லியே விற்கிறார்கள். முன்சியாரிப் பயற்றுக்கு 2021-ஆம் ஆண்டிலும், ஜம்முவைச் சேர்ந்த பதர்வாப் பயற்றுக்கு 2023-ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு கிடைத்தது. மலைமக்களுக்கு நல்ல விலை கிடைக்க இது உதவுமாயின் மகிழ்ச்சியே. ஆயினும் சந்தை ஒரே நிறத்தைக் கேட்கக் கேட்க, பல நிறம் கலந்த பழைய விதைகள் வயலோரத்துக்கு ஒதுங்கி மறைகின்றன. டெஹ்ரி மாவட்டத்தில் விஜய் ஜர்தாரியும் அவருடைய தோழர்களும் 1980-களின் பிற்பகுதியில் தொடங்கிய விதை காக்கும் இயக்கம் இதை உணர்ந்தே ஊர் ஊராக நடந்து பழைய வித்துக்களைத் திரட்டியது. ராஜ்மாவில் மட்டும் ஏராளமான வகைகளைச் சேர்த்தது. ஒரு வகை நோயில் விழுந்தாலும் மற்றொன்று நிற்கும் என்பது அவர்கள் சொல்லும் நியாயம். நனைந்த வயலில் நானே ஒன்று கண்டேன். சிவப்பு நெற்றுகளில் பூசணம் படர்ந்திருந்த அதே வேலியோரத்தில், தப்பி நின்ற ஒரு புள்ளிவிதைக் கொடி கெடாமல் இருந்தது. ஒரு கொடியைக் கொண்டு முடிவு சொல்ல நான் துணியேன்.

நான்காம் நாள் காலையில் யூட்டிலிட்டியில் சாஹியா சந்தைக்கு இறங்கினோம். நனையாத சிவப்புக்கு நண்பர் எதிர்பார்த்த விலை கிடைத்தது. நனைந்து உலர்ந்ததை வியாபாரி கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, பாதிக்கும் குறைவாகவே கேட்டார். சிறிது பேரத்துக்குப் பின் நண்பர் அதைக் கொடுக்காமல், வீட்டு உணவுக்கு என்று திருப்பிக் கட்டிக்கொண்டார். கல்லூரிப் பணத்தில் குறைந்ததற்கு நிலையத்தில் நாங்கள் கட்டும் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் மனு எழுதித் தரும்படி கேட்டார். வண்டியிலேயே எழுதிக் கொடுத்தேன்.

புறப்படும்போது தாயாரிடம் அந்தக் கலப்பு விதையில் ஒரு கிலோ விலைக்குக் கேட்டிருந்தேன். விதை விற்பதில்லை என்று சொல்லிவிட்டார். பிறகு ஒவ்வொரு நிறத்திலும் பத்துப் பத்தாக எண்ணி, பழந்துணியில் முடிந்து, "உன் மனைவியிடம் கொடு. அடுத்த வருஷம் இதே அளவு எனக்குத் திருப்பித் தரவேண்டும்" என்று என் கையில் வைத்தார். முடிச்சு இப்போது எங்கள் வீட்டுப் பரணில் ஒரு கண்ணாடிப் புட்டியில் இருக்கிறது. மாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. நம் சங்கத்தில் கொல்லையுள்ளவர்கள் யாரேனும் இரண்டு விதை கேட்டால் தருவேன், அந்த நிபந்தனையோடு.